வீட்டிலேயே செய்த நீரடிக் கேமரா ட்ரே: பிளாஸ்டிக் பலகையா, அலுமினியமா?

#1 நீலத்திரை

எல்லோருக்கும் வணக்கம். சின்ன காம்பாக்ட் கேமராவை பாலிகார்பனேட் ஹவுசிங்கில், அதாவது தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில், போட்டு இரண்டு வருடமாக டைவுக்கு எடுத்துப் போகிறேன். ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் லைட். கரைக்கு வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தால் எல்லாமே ஆடுகிறது. இரண்டு கையாலும் பிடிக்க ஒரு ட்ரே இருந்தால்தான் சரிப்படும் என்று புரிந்தது. வாங்குவதைவிட நானே செய்து பார்க்க ஆசைப்பட்டேன், செய்தும் விட்டேன்.

அடிப்பலகை, காய்கறி நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை. ஹெச்டிபிஇ, 12 மி.மீ. தடிமன். 30 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் வரும்படி அறுத்து, ஓரங்களை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்தேன். கைப்பிடிக்கு இரண்டு துண்டு பிவிசி குழாய். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு எம்8 மரைக்கம்பி மேலிருந்து கீழ்வரை போகிறது. கீழே பலகைக்கு அடியில் ஒரு நட், மேலே மூடியின் மீது ஒரு நட், இரண்டையும் முறுக்கினால் குழாய் நடுவில் இறுகி நிற்கும். ஒட்டு எதுவும் இல்லை. கேமரா நடுவில் ஒரே ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கிறது. கைப்பிடிகளின் உச்சியில் ஆளுக்கொரு லைட்.

மூன்று டைவ் ஆயிற்று. ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, அதில் எனக்கு நிறைய சந்தோஷம். ஆனால் மூன்று தொந்தரவுகள். கேமரா ஸ்க்ரூவைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருக்கிறது. முழு அமைப்பும் முன்பக்கம் கவிழப் பார்ப்பதால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. அப்புறம், தண்ணீரில் மிதக்கும் தூசி எல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுகிறது.

பலகையை அலுமினியத்துக்கு மாற்றினால் இதெல்லாம் சரியாகுமா? 6 மி.மீ. தகடு ஒன்று கையில் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 திருப்புளி

முதல் முயற்சியிலேயே மரைக்கம்பியைக் குழாய்க்குள் விட்டது நல்ல யோசனை தம்பி. பலர் குழாயை நேரடியாகப் பலகையில் ஒட்டப் பார்ப்பார்கள். ஹெச்டிபிஇ-யில் சாதாரணப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. பெயிண்டும் அப்படித்தான், உரிந்து வந்துவிடும். மர ஸ்க்ரூ போட்டாலும் நாளடைவில் பிடி தளர்ந்துவிடும். இந்தப் பிளாஸ்டிக்கில் எதைச் சேர்த்தாலும் துளை போட்டு, இந்தப் பக்கம் போல்ட், அந்தப் பக்கம் அகலமான வாஷரும் நட்டும்தான்.

கேமரா திரும்புவதற்கு அலுமினியம் மருந்தல்ல. ஒரே ஸ்க்ரூவில் நிற்கும் எதுவும் திரும்பத்தான் செய்யும். இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, ஹவுசிங்குக்கும் பலகைக்கும் நடுவில் 2 அல்லது 3 மி.மீ. ரப்பர் ஷீட் வையுங்கள். இரண்டாவது, ஹவுசிங்கின் பின்சுவர் தொடும் இடத்தில் 10 மி.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்புப் பட்டை. அதே பலகையில் மீந்த துண்டை அறுத்து, அடியிலிருந்து இரண்டு போல்ட் போட்டால் போதும். ஹவுசிங் அந்தத் தடுப்பில் முதுகைச் சாய்த்துக்கொள்ளும், பிறகு எங்கும் திரும்பாது.

அதைவிட எனக்குக் கவலை உங்கள் ஸ்க்ரூவின் நீளம். கேமரா ஸ்க்ரூ என்பது 1/4 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. உலகம் முழுக்க இதுதான், ஐஎஸ்ஓ 1222 என்று தரமே இருக்கிறது. ஆனால் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் மரைத்துளை ஆழம் மிகக் குறைவு. ஸ்க்ரூ நீளமாக இருந்தால் நுனி துளையின் அடியில் போய் முட்டும். நாம் "இன்னும் இறுகவில்லையே" என்று முறுக்குவோம். அப்போது விரிசல் விடுவது ஹவுசிங். அது நமக்கு மேலே தெரியாது, 20 மீட்டர் ஆழத்தில் தண்ணீர்தான் வந்து சொல்லும்.

அளப்பது எளிது. ஒரு தீக்குச்சியைத் துளைக்குள் விட்டு, விளிம்பில் நகத்தால் அடையாளம் வைத்து, ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். பலகையின் தடிமன், ரப்பர், வாஷர் எல்லாவற்றையும் தாண்டி வெளியே நீட்டும் மரை, அந்த ஆழத்தைவிட ஒரு மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். ரப்பர் அழுந்தும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

#3 அலைவரிசை

நான் புதிது. என்னிடம் இருப்பது ஆக்‌ஷன் கேமரா, அதற்கும் ஒரு பிளாஸ்டிக் ஹவுசிங். இந்த இழையைப் பார்த்து நானும் ஒரு ட்ரே செய்யத் தொடங்கினேன். ஸ்க்ரூ கழன்றுவிடக் கூடாது என்று மரையில் லாக்டைட் ஒரு சொட்டு விட்டிருக்கிறேன். அது போதும்தானே அண்ணா?

#4 திருப்புளி

தம்பி, இப்போதே கழற்றித் துடைத்துவிடுங்கள். நிஜமாகவே அவசரம்.

மரையைப் பூட்டும் அந்தத் திரவம் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் போட வேண்டியது. பாலிகார்பனேட், அக்ரிலிக் மாதிரி பிளாஸ்டிக்குகளில் பட்டால், இறுக்கத்தில் இருக்கும் இடத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல்கள் ஓடும். உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். ஹவுசிங்கின் அடியில் பித்தளை மரை பதித்திருந்தாலும், கசிந்து ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கைத் தொட்டுவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளையைச் சுற்றிப் பாருங்கள். கோடு எதுவும் தெரிந்தால் அந்த ஹவுசிங்கை ஆழத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கழலாமல் இருக்க ரப்பர் ஷீட்டே போதும், அதன் அழுத்தம் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும். மற்ற போல்ட்களுக்கு உள்ளே நைலான் வளையம் வைத்த நட் போடுங்கள்.

#5 அலைவரிசை

கழற்றிவிட்டேன். கோடு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து, வெறும் ஹவுசிங்கை முதலில் ஒரு டைவுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். மிகவும் நன்றி அண்ணா.

#6 கடற்குதிரை

நீலத்திரை, உங்கள் மூன்றாவது தொந்தரவுக்கு நான் வருகிறேன். வெள்ளைப் புள்ளிகள்.

அது தண்ணீரின் குற்றமல்ல, லைட் இருக்கும் இடத்தின் குற்றம். லைட் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால், லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு துகளும் அந்த வெளிச்சத்தை நேராக லென்ஸுக்கே திருப்பி அனுப்பும். மூடுபனியில் வண்டியின் ஹைபீமைப் போட்டால் வெள்ளைச் சுவர் தெரியுமே, அதே கதை. லைட்டை லென்ஸை விட்டு விலக்கி, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். ஒளிக்கூம்பின் நடு மீன்மேல் படக் கூடாது, ஓரம்தான் பட வேண்டும். அப்போது லென்ஸுக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் இருட்டாக இருக்கும், மீன் மட்டும் வெளிச்சத்தில் நிற்கும்.

இதற்கு ஆர்ம் வேண்டும், அதாவது கைப்பிடியிலிருந்து லைட்டை நீட்டிப் பிடிக்கும் மடக்குக் கை. ஒரு அங்குலப் பந்தும் கவ்வியும் உள்ள ஆர்ம்கள்தான் எல்லோரும் பயன்படுத்துவது. உங்கள் மரைக்கம்பியின் உச்சியிலேயே பந்தைத் திருகிவிடலாம். செலவு வேண்டாம் என்றால், கண்ணி கண்ணியாகக் கோத்த பிளாஸ்டிக் வளைகுழாய் இருக்கிறதே, லேத் மெஷினில் குளிர்நீர் ஊற்றுவதற்கு வைப்பார்கள், அது சின்ன லைட்டைத் தாங்கும். லைட் கனமாக இருந்தால் தலை தொங்கிவிடும்.

போன மாதம் ஒரு ஓடில்லாக் கடல் நத்தையைப் படமெடுத்தேன், கட்டைவிரல் நக அளவுதான் இருக்கும். பார்வை நான்கு மீட்டர்கூட இல்லாத கலங்கல் தண்ணீர். இரண்டு லைட்டையும் ஏறக்குறைய பக்கவாட்டில், தரையோடு தரையாக வைத்தேன். அதன் முதுகில் இருக்கும் செவுள் கொத்து விரிந்து, ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னணியில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அதற்கு முந்தைய படம், லைட் லென்ஸுக்கு மேலேயே இருந்தபோது எடுத்தது. பனி கொட்டின மாதிரி இருக்கும். கேமரா அதே கேமரா, தண்ணீரும் அதே தண்ணீர்.

#7 ஓங்கில்

டைவ் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

மணிக்கட்டு வலிக்கிறது என்றால் கையைப் பழக்கப்படுத்த வேண்டாம், ட்ரேயை எடை போடுங்கள். மேஜையில் அல்ல, தண்ணீரில். பெரிய வாளி அல்லது தொட்டியில் தண்ணீர் நிரப்பி, முழு அமைப்பையும், கேமரா, பேட்டரி, லைட் எல்லாம் பூட்டிய நிலையில், கயிற்றில் கட்டித் தொங்கு தராசில் மாட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். குழாய்க்குள்ளும் மூலைகளிலும் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழ்களைக் குலுக்கி வெளியேற்றுங்கள். அப்போது தராசு காட்டுவதுதான் உங்கள் மணிக்கட்டு சுமக்கும் எடை.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் அளவு, கடல்நீரில் 100 முதல் 200 கிராம் வரை கனமாக இருக்கட்டும். சுழியமாக்க வேண்டாம், மிதக்கவும் விட வேண்டாம். கைவிட்டால் மெதுவாகக் கீழே போகும் கேமராவை எட்டிப் பிடித்துவிடலாம். மேலே பறக்கும் கேமராவைத் துரத்திக்கொண்டு ஏறுகிறவரைத்தான் நான் பயப்படுகிறேன். வேகமாக ஏறினால் நுரையீரலுக்கு என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எந்தக் கேமராவும் அதற்கு ஈடில்லை.

புது ட்ரேயோடு முதல் டைவில் படமே எடுக்காதீர்கள். மிதப்பைச் சரிபாருங்கள், காற்று மீட்டரைப் பாருங்கள், துணை டைவரைப் பாருங்கள். படகிலிருந்து குதிக்கும்போது ட்ரே கையில் இருக்கக் கூடாது. குதித்த பிறகு மேலிருந்து ஒருவர் கொடுக்கட்டும். வாங்கும்போது கைப்பிடியைப் பிடித்து வாங்குங்கள், ஆர்மைப் பிடித்துத் தூக்கினால் கவ்வி நழுவும்.

#8 நீலத்திரை

ஓங்கில் சார், நேற்று எடை போட்டேன். வெளியே 2,150 கிராம். வாளித் தண்ணீருக்குள் 560 கிராம். ஆக, இது விலக்கும் தண்ணீர் 1,590 மி.லி. நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, கடல்நீர் ஏறக்குறைய 1.025 கிலோ. அதனால் கடலில் 1,630 கிராம் தூக்கும், மீதி 520 கிராம் என் கையில். அரை கிலோவை நீட்டிய கையில் அரை மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், வலித்ததில் ஆச்சரியமில்லை.

அப்புறம் உட்கார்ந்து அலுமினியத்தையும் கணக்குப் போட்டேன். இதைத்தான் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் பிளாஸ்டிக் பலகை 30 × 8 × 1.2 செ.மீ., 288 கன செ.மீ. ஹெச்டிபிஇ-யின் அடர்த்தி 0.95. எடை 274 கிராம். விலக்கும் கடல்நீர் 295 கிராம். அதாவது கடலுக்குள் இந்தப் பலகைக்கு எடையே இல்லை, 21 கிராம் மேலே தூக்கவும் செய்கிறது.

கையில் இருக்கும் அலுமினியத் தகட்டில் 30 × 7 × 0.6 செ.மீ. வெட்டினால் 126 கன செ.மீ. அடர்த்தி 2.7. எடை 340 கிராம். விலக்கும் கடல்நீர் 129 கிராம்தான். கடலுக்குள் 211 கிராம் கனம்.

மேஜைமேல் வைத்தால் இரண்டுக்கும் 66 கிராம்தான் வித்தியாசம், கையில் தூக்கிப் பார்த்தால் தெரியவே தெரியாது. தண்ணீருக்குள் வித்தியாசம் 230 கிராமுக்கு மேல். நல்ல வேளை, தகட்டை அறுக்கும் முன் இதைப் போட்டுப் பார்த்தேன்.

#9 கடற்குதிரை

இந்தக் கணக்கை ஐந்து வருடம் முன்பு யாராவது எனக்குக் காட்டியிருக்கலாம்.

நான் வைத்திருப்பது அலுமினிய ட்ரேதான், ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. அலுமினியத்தைப் பற்றி இன்னொரு விஷயம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் நேரடியாக முறுக்கி உப்புத் தண்ணீரில் விட்டால், இரண்டு உலோகமும் பேட்டரி மாதிரி வேலை செய்யும். அரிபடுவது அலுமினியம். ஒரு சீசன் முடிந்து ட்ரேயைக் கழற்றப் போனேன். ஒவ்வொரு போல்ட் தலையைச் சுற்றியும் வெள்ளை மாவு பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது, அடியில் சின்னச் சின்னப் பள்ளம். நான்கு போல்ட்டில் இரண்டு அசையவே இல்லை. ஒன்றைப் பலமாகத் திருப்பியதில் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. செய்து கொடுத்தவர்கள் நடுவில் வாஷர் எதுவும் வைத்திருக்கவில்லை, எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை. அந்த ட்ரேமேல் எனக்கு அவ்வளவு பிரியம், பார்த்ததும் மனசு உடைந்துபோனது.

அலுமினியம்தான் வேண்டும் என்பவர்கள் நைலான் வாஷரும் நைலான் புஷ்ஷும் போட்டு இரண்டு உலோகத்தையும் பிரியுங்கள், மரையில் கடலுக்கான கிரீஸ் தடவுங்கள், மாதம் ஒருமுறை முழுதாகக் கழற்றிக் கழுவுங்கள்.

#10 திருப்புளி

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அலுமினியம் என்றால் எல்லாம் ஒன்றல்ல, ஒவ்வொரு கலவைக்கும் ஒரு எண் உண்டு. 6061 அல்லது கப்பல் வேலைக்குப் போகும் 5083 கடலுக்குத் தாங்கும். 2024, 7075 இரண்டும் பலமானவை, ஆனால் செம்பு கலந்தவை, உப்பில் சீக்கிரம் அரிக்கும். பழைய கடையில் கிடைத்த தகடு என்னவென்று தெரியாவிட்டால் நம்ப வேண்டாம்.

போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். 304-ஐவிட அதில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் கூடுதல், உப்பு குத்திக் குழி விழுவதை அதுதான் தடுக்கிறது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முறுக்காதீர்கள், மரை மரையோடு ஒட்டி இறுகிவிடும். கொஞ்சம் கிரீஸ், மெதுவான கை.

நீலத்திரை, பிளாஸ்டிக்கிலேயே இருங்கள். ஆனால் ஆர்ம் போட்டதும் பலகை வளையும். ஹெச்டிபிஇ-க்கு விறைப்பு குறைவு, கைப்பிடியை அழுத்தும்போதெல்லாம் லைட் ஆடும். அடியில் நீளவாக்கில் ஒரு அலுமினிய ஆங்கிள் கொடுங்கள், 25 × 25 மி.மீ., 3 மி.மீ. தடிமன். 30 செ.மீ. துண்டு தண்ணீருக்குள் 70 கிராம்தான் கூடும். வளைவு நின்றுவிடும். போல்ட் தொடும் இடங்களில் நைலான் வாஷர் போட மறக்காதீர்கள்.

இன்னொன்று. கேமரா ஸ்க்ரூவுக்கு வட்டத் துளைக்குப் பதிலாக முன்பின்னாக 40 மி.மீ. நீள்துளை போடுங்கள். முன்னால் கவிழ்கிறது என்றால் கேமராவைப் பின்னுக்குத் தள்ளித் திரும்ப முறுக்கிக்கொள்ளலாம், தடுப்புப் பட்டையும் கூடவே நகரும்படி அதன் துளைகளையும் நீட்டிவிடுங்கள். 6.5 மி.மீ. பிட்டால் வரிசையாகத் துளை போட்டு, நடுவில் மீந்ததை அரத்தால் எடுத்துவிடலாம். கூர்மையான பிட், குறைந்த வேகம், அடியில் ஒரு மரக்கட்டை. வேகம் கூடினால் இந்தப் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் சுற்றிக்கொள்ளும்.

#11 அலைவரிசை

கனத்தைக் குறைக்க நான் நீச்சல் குளத்தில் பிடித்து மிதக்கும் நுரைக் குழாயைத் துண்டாக்கி ஆர்மில் மாட்டினேன். குளத்தில் பிரமாதமாக இருந்தது. கடலில் 18 மீட்டர் போனதும் கேமரா கல் மாதிரி கனத்தது. நுரைத் துண்டுகள் சுருங்கி ஆர்மில் லொடலொடவென்று ஆடின. மேலே வரவர மறுபடி பருத்து, கேமராவை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. இதற்கு என்ன மாற்று?

#12 ஓங்கில்

18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு. மென்மையான நுரைக்குள் இருப்பது காற்றுதான், அது அழுந்தத்தான் செய்யும். டைவ் உடை தைக்கும் நியோப்ரீன் துண்டும் அப்படியே. பாதுகாப்பு நிறுத்தத்தில், ஐந்து மீட்டரில் அசையாமல் நிற்க வேண்டிய நேரத்தில் கேமரா மேலே இழுப்பது மோசம். அதைக் கழற்றிவிடுங்கள் தம்பி.

அழுந்தாத மிதவைதான் வேண்டும்.

#13 திருப்புளி

பிவிசி குழாயின் இரண்டு பக்கமும் மூடி ஒட்டினால் அழுந்தாத மிதவை கிடைக்கும். 50 மி.மீ. வெளிவிட்டம், 15 செ.மீ. நீளம் என்றால் 295 கன செ.மீ., கடலில் ஏறக்குறைய 302 கிராம் தூக்கும். அதிலிருந்து குழாய், மூடிகளின் எடையைக் கழிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 110 கிராம் என்றால் நிகரமாக 190. மெல்லிய வடிகால் குழாய் வேண்டாம், அழுத்தம் தாங்கும் தடித்த குழாயே எடுங்கள்.

#14 ஓங்கில்

அண்ணா, கணக்கு சரிதான். ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். ஒட்டு ஆழத்தில் கசிந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து, அங்கே இருக்கும் காற்று அழுந்தும். மேலே வரும்போது அந்தக் காற்று விரிந்து வெளியேறப் பார்க்கும். கசிந்த வழி சின்னதாக இருந்தால் மூடி தெறிக்கலாம், அதுவும் முகத்துக்கு அருகில். அதனால் செய்ததும் கயிற்றில் கட்டி, கல்லைச் சேர்த்து, டைவ் செய்யும் ஆழத்தைவிடக் கூடுதல் ஆழத்துக்கு இறக்கி, அரை மணி நேரம் விட்டு எடுங்கள். குலுக்கிப் பாருங்கள், எடையும் போட்டுப் பாருங்கள். ஒரு சொட்டு உள்ளே போயிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது மீன்வலை மிதவை. ஆழ்வலைக்குக் கட்டும் கடினமான மிதவைகள், நடுவில் துளையோடு வரும். அவை ஆழத்தில் மணிக்கணக்கில் கிடப்பதற்கென்றே செய்தவை. எவ்வளவு ஆழம் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள், மேற்பரப்பு வலைக்கான மென்மையான மிதவை ஆழத்தில் நசுங்கிவிடும். துளைக்குள் ஆர்மை விட்டு வரிசையாகக் கோத்துவிடலாம்.

#15 கடற்குதிரை

மிதவைகளை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஆர்மின் மேல்பகுதியில் இருந்தால், கனம் கீழே, மிதப்பு மேலே, ட்ரே தானாக நிமிர்ந்து நிற்கும். கீழே வைத்தால் அது தலைகீழாகத் திரும்பப் பார்க்கும், மணிக்கட்டுதான் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். இடமும் வலமும் சம எண்ணிக்கை.

#16 நீலத்திரை

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோரும் சொன்னதைச் செய்து முடித்து, கடலுக்கும் போய் வந்தாயிற்று.

அதே வெள்ளைப் பலகை. அடியில் ஆங்கிள். நடுவில் 40 மி.மீ. நீள்துளை, பின்னால் தடுப்புப் பட்டை, மேலே ரப்பர். தீக்குச்சி வைத்து அளந்ததில் என் ஸ்க்ரூ கிட்டத்தட்ட 2 மி.மீ. நீளம் கூடுதலாக இருந்தது! இத்தனை நாளும் ஹவுசிங்கின் அடியை அதுதான் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அறுத்து, நுனியை ராவினேன். திருப்புளி அண்ணா, அந்தப் பதிவை நீங்கள் எழுதாவிட்டால் என் கேமரா இன்று இருந்திருக்குமா தெரியவில்லை.

பிடியில் சைக்கிள் கிரிப் போட்டேன். ஹேண்டில்பாருக்கான 22 மி.மீ. அளவுதான், அதனால் பழைய பிவிசிக்குப் பதில் அந்த விட்டத்தில் குழாய் தேடி மாற்றினேன். ஈரக் கையுறையிலும் வழுக்கவில்லை. கைப்பிடியின் மேலும் கீழும் துளை போட்டுவிட்டேன், நீருக்குள் போனதும் நிரம்பிவிடுகிறது, வெளியே எடுத்ததும் வடிந்துவிடுகிறது.

ஆர்ம், ஆங்கிள் எல்லாம் சேர்ந்ததும் மறுபடி வாளியில் போட்டேன். கடல்நீர்க் கணக்கில் 680 கிராம். வலை மிதவை ஒன்று 70 கிராம் தூக்குகிறது. அதை அளக்க, ஒரு ஈயக்கட்டியை முதலில் தனியாகவும் பிறகு மிதவையோடு சேர்த்துக் கட்டியும் தண்ணீருக்குள் எடை போட்டு, வித்தியாசத்தை எடுத்தேன். பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு, 560 கிராம். மிச்சம் 120.

முதல் டைவில் ஓங்கில் சார் சொன்னபடி படம் எடுக்கவில்லை. எட்டு மீட்டரில் மணல் தரைக்கு மேல் நின்று, ட்ரேயில் கட்டிய கயிற்றை மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விட்டேன். ட்ரே முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல், அப்படியே நிமிர்ந்தபடி, ரொம்ப மெதுவாகக் கீழே இறங்கியது. குனிந்து இரண்டு விரலால் பிடித்தேன். அந்த நேரத்து சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

இரண்டாவது டைவில் ஒரு மணல் மேட்டில் சின்ன மீனும் கண்பார்வை மங்கிய இறாலும் சேர்ந்து வாழும் வளை ஒன்றைப் பார்த்தேன். இறால் மணலை வாரி வெளியே தள்ளுகிறது, மீன் வாசலில் காவல் நிற்கிறது. இறாலின் உணர்கொம்பு ஒன்று எப்போதும் மீனின் உடம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. மீன் வாலை ஆட்டினால் இறால் சட்டென்று உள்ளே போய்விடும். லைட்டை வெளிப்பக்கம் திருப்பி, ட்ரேயை மணலுக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, ஏழு நிமிடம் ஓடவிட்டேன். படம் ஆடவில்லை. அந்தக் கொம்பு மீனின் வால் பக்கத்தைத் தொடுவது தெளிவாகத் தெரிகிறது. புள்ளிகள் ஓரத்தில் நாலைந்துதான்.

#17 அலைவரிசை

வீடியோவை எப்போது போடுவீர்கள்? அப்புறம் ஒரு சந்தேகம், டைவ் முடிந்து எப்படிக் கழுவுகிறீர்கள்?

#18 நீலத்திரை

கரைக்கு வந்ததும் காயவிடாமல் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுகிறேன். உப்பு காய்ந்து கல்லாகிவிட்டால் மரையிலிருந்து எடுப்பது கஷ்டம். ஊறும்போதே ஹவுசிங்கின் பட்டன்களை அழுத்தி விடுகிறேன், பந்துக் கவ்விகளைத் தளர்த்திச் சுற்றிவிடுகிறேன். பிறகு நிழலில் காயவைக்கிறேன். வெள்ளை ஹெச்டிபிஇ நெடுநாள் வெயிலில் கிடந்தால் நொறுங்க ஆரம்பிக்கும், அதனால் வெயிலில் போடுவதில்லை.

வீடியோவை இந்த வாரமே போடுகிறேன்.

#19 திருப்புளி

அடுத்த பலகைக்குக் கருப்பு ஹெச்டிபிஇ பாருங்கள் தம்பி. அதில் கலக்கும் கரித்தூள் வெயிலைத் தாங்கும், வெளிச்சமும் பலகையில் பட்டு ஹவுசிங் கண்ணாடிக்குத் திரும்பாது.

#20 நீலத்திரை

வெளிச்சம் திரும்புவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை அண்ணா. இரண்டாவது டைவின் கடைசி காட்சியில் கீழ் ஓரத்தில் ஒரு வெளிறிய பட்டை தெரிகிறது, அது எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. பலகையின் முன் ஓரத்தில் கருப்பு ரப்பர் பட்டை ஒன்றை போல்ட் போட்டு மாட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறங்குகிறேன்.